சீனியை விட்ட பிறகும் எடை ஏன் ஏறுகிறது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன். வயது 46, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. ஒன்றரை ஆண்டுக்கு முன் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நீரிழிவுக்கு முந்திய நிலை என்றார்கள். அன்றிலிருந்து சீனியைத் தொடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஐந்திலும் இனிப்பு மாத்திரைதான். மதியம் ஒரு ஸீரோ கோலா. பிஸ்கட்கூட சீனி இல்லாதது. அப்படியும் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஒரு காணொளியை அனுப்பி, "இந்த மாத்திரைதாம்மா உன் இன்சுலினைக் கெடுக்குது" என்கிறாள். பத்து வருடமாக நீரிழிவு மாத்திரை எடுக்கும் என் கணவரும் அதே டப்பாவிலிருந்துதான் தேநீருக்குப் போட்டுக்கொள்கிறார். அவரோ, "பேசாமல் சீனிக்கே திரும்பிடலாம்" என்கிறார். டாக்டர், நாங்கள் என்ன செய்வது? மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, உணவியல் ஆலோசகர். ஊசி போட மாட்டேன், ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பேன். அந்த வேலையில் பாதியை நீங்களே செய்து அனுப்பிவிட்டீர்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இந்தப் பதில் வெறும் பொதுப்பேச்சாகப் போயிருக்கும்.

அவசரமாகத் தெரிய வேண்டுமென்றால்: சீனிக்குத் திரும்ப வேண்டாம். மகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த இரண்டு கிலோ வந்த வழி மட்டும் வேறு.

உங்கள் குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமை காலை 6.40, தேநீர், மாத்திரை இரண்டு, பிஸ்கட் மூன்று. பத்து மணிக்கு வேலையிடத்துக்குக் கீழே கோப்பிக்கடையில் 'தே சியூ டாய்', அதிலும் மாத்திரை இரண்டு. நாலு மணிக்கு மறுபடி தேநீர், பிஸ்கட் மூன்று. ராத்திரி நாடகம் பார்க்கும்போது இன்னொரு மூன்று. சனிக்கிழமை காலை முட்டைப் பரோட்டா ஒன்று, சாதாப் பரோட்டா இரண்டு, கூடவே ஸீரோ கோலா. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'சீனி இல்லை' என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். பரோட்டாவுக்குப் பக்கத்திலும்தான். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

அந்தப் பத்து மணித் தேநீரை எடுத்துக்கொள்வோம். நம் கோப்பிக்கடையில் 'தே' என்றாலே டின் பால், அதாவது சீனி போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால். அதில் பாதிக்கு மேல் சர்க்கரைச் சத்துதான். 'சியூ டாய்' என்றால் அந்தப் பாலைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுவார்கள், அவ்வளவே. ஆக, சீனியைத் தொடாத நீங்கள் தினமும் காலையில் சீனி கலந்த தேநீரில் மாத்திரையும் போட்டுக் குடிக்கிறீர்கள். 'தே சி கோசோங்' என்று கேட்டால் சீனி சேர்க்காத எவாப்பரேட்டட் பால் ஊற்றி, சீனி இல்லாமல் தருவார்கள். இதை எளிதாக மாற்றிவிடலாம்.

அடுத்து பிஸ்கட். முன்பு நீங்கள் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி போட்டிருந்தால், ஐந்து தேநீருக்குப் பத்து தேக்கரண்டி. ஏறக்குறைய 40 கிராம், 160 கலோரி. அதை விட்டது நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது நாளைக்கு ஒன்பது பிஸ்கட் போகிறது. சீனி இல்லாத பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. ஒன்றுக்கு 40 கலோரி என்று வைத்தாலும் 360. மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு செலவு செய்திருக்கிறோம். பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'சீனி இல்லை'யை மட்டும் பார்க்காமல் பின்பக்கம் திருப்பி மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். சில பிஸ்கட்டில் சீனிக்குப் பதில் மால்டிடால் சேர்த்திருப்பார்கள். அதற்கும் கிராமுக்கு இரண்டு கலோரி போல உண்டு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றையும் கலக்கும். தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும் சீனி இல்லாத பலகாரத்துக்கும் இதே கதைதான். மைசூர்பாகில் சீனியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கடலை மாவும் நெய்யும். நெய் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி.

சரி, மகளின் காணொளிக்கு வருவோம். இங்கேதான் விஷயம் உண்மையிலேயே சுவையானது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகள் இருப்பது தெரிந்ததுதான். அதே வகை ஏற்பிகள் குடல் சுவரிலும் உண்டு. அதனால் கலோரியே இல்லாத இனிப்பு உள்ளே போனாலும், 'சர்க்கரை வருகிறது' என்ற செய்தி எங்கேயாவது போய்ச் சேருமோ என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2013இல் இதைச் சோதித்தார்கள். உடல் பருமன் மிகுந்த 17 பேர். நீரிழிவு இல்லாதவர்கள், இனிப்பூட்டி குடித்துப் பழக்கமும் இல்லாதவர்கள். ஒரு நாள் வெறும் தண்ணீர், இன்னொரு நாள் சுக்ரலோஸ் என்ற கலோரி இல்லாத இனிப்பூட்டி கலந்த தண்ணீர், அதற்குப் பின் 75 கிராம் குளுக்கோஸ். சுக்ரலோஸ் குடித்த நாளில் உடல் சுமார் 20 விழுக்காடு கூடுதல் இன்சுலின் சுரந்தது. குளுக்கோஸின் உச்சமும் கொஞ்சம் மேலே போனது. உங்கள் மகள் பார்த்த காணொளிக்கு வேர் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அந்த ஆய்வில் மறுபடி பாருங்கள். சுக்ரலோஸுக்குப் பின்னால் 75 கிராம் குளுக்கோஸ் வந்தது. சுக்ரலோஸ் தனியாகப் போயிருந்தால்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2020இல் வெளியான ஆய்வு இதற்குக் கிட்டத்தட்ட நேரான பதில். நல்ல உடல்நலம் உள்ளவர்கள், இரண்டு வாரத்தில் ஏழு பானம். ஒரு குழுவுக்குச் சுக்ரலோஸ் மட்டும், ஒரு குழுவுக்குச் சீனி மட்டும், இன்னொரு குழுவுக்குச் சுக்ரலோஸோடு மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. முதல் இரண்டு குழுவிலும் ஒன்றும் ஆகவில்லை. இனிப்பூட்டியும் மாவுச்சத்தும் சேர்ந்து போன குழுவில்தான் இன்சுலினுக்கு உடல் காட்டும் பதில் மந்தமானது.

சின்ன ஆய்வு, இதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் உங்கள் குறிப்பில் மாத்திரைக்குப் பக்கத்தில் பிஸ்கட்டும், ஸீரோ கோலாவுக்குப் பக்கத்தில் பரோட்டாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. என் கருத்தில் உங்கள் கேள்வி 'மாத்திரை நல்லதா கெட்டதா' என்று இருக்கக் கூடாது. அது எதற்குப் பதிலாகப் போகிறது, எதோடு சேர்ந்து போகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

மாத்திரை என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே, அதுவும் ஒரு குழப்பம். உள்ளே இருக்கும் இனிப்பூட்டி பல வகை. அஸ்பார்ட்டேம் குடலிலேயே உடைந்து இரண்டு அமினோ அமிலமாகவும் கொஞ்சம் மெத்தனாலாகவும் ஆகிவிடும். சுக்ரலோஸில் பெரும்பகுதி உள்ளே சேராமல் மலத்தோடு வெளியே போகும். அசிசல்ஃபேம் பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து, மாறாமல் சிறுநீரில் இறங்கிவிடும். இப்படி மூன்று வழியில் போகும் மூன்று பொருளை ஒரே பெயரில் திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது. அமெரிக்காவில் அதிக எடை உள்ள 154 பேருக்குப் பன்னிரண்டு வாரம் ஆளுக்கொரு வகை இனிப்பில் பானம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. சாக்கரின் என்ற இனிப்பூட்டியைக் குடித்தவர்கள், சீனி குடித்தவர்களைப் போலவே ஒரு கிலோவுக்கு மேல் ஏறினார்கள். சுக்ரலோஸ் குழு கொஞ்சம் இறங்கியது. இஸ்ரேலில் 2022இல் 120 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சாக்கரினும் சுக்ரலோஸும் சர்க்கரையைக் கையாளும் திறனைச் சற்றுக் குலைத்தன. அஸ்பார்ட்டேமும் ஸ்டீவியாவும் அப்படிச் செய்யவில்லை. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம், அவரவர் குடல் நுண்ணுயிரைப் பொறுத்து. இனிப்பூட்டி பழக்கமே இல்லாதவர்களை வைத்துச் செய்தது அது. நீங்களோ ஒன்றரை வருடப் பழக்கக்காரர். அதனால் உங்கள் டப்பாவின் பின்பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவையுங்கள்.

அப்படியானால் எடை குறைய இது உதவுமா? இரண்டு ஆய்வுகளை எதிரெதிரே வைக்கிறேன். அமெரிக்காவில் 303 பேர், ஒரு வருடம், எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்துகொண்டே ஒரு பாதி டயட் பானம், மறு பாதி தண்ணீர். டயட் பானக் குழு சுமார் 6 கிலோ இறங்கியது, தண்ணீர்க் குழு இரண்டரை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்நாட்டுப் பானத் தொழில் சங்கம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஈரானில் டெஹ்ரானில் 62 பெண்கள், 24 வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் டயட் பானத்துக்குப் பதில் தண்ணீர். இங்கே தண்ணீர்க் குழு 8.8 கிலோ, டயட் பானக் குழு 7.6 கிலோ. இன்சுலின் நிலையும் தண்ணீர்க் குழுவில்தான் கூடுதலாகச் சீரானது. யாரை நம்புவது? இரண்டு இடத்திலும் இரு குழுக்களுமே எடை இறங்கின. இரண்டு இடத்திலும் சாப்பாட்டுத் திட்டம் இருந்தது, கணக்குக் கேட்க ஆள் இருந்தது. உங்களிடம் மாத்திரை இருக்கிறது, திட்டம் இல்லை.

உலகச் சுகாதார அமைப்பு 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்த இவ்வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரை வெளியிட்டது. நிபந்தனையோடு கூடிய பரிந்துரை என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். இனிப்பூட்டி பயன்படுத்துவோருக்கு எடை கூடுகிறது என்று காட்டும் நீண்டகாலக் கணக்குகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்கெனவே எடை கூடியவர்கள்தான் டயட் பானத்தைத் தேடிப் போகிறார்கள். குடை பிடித்தவர்கள் நனைந்திருக்கிறார்களே, அப்படியானால் குடைதான் நனைத்ததோ என்று கேட்பது போல ஆகிவிடும். அந்த மயக்கத்தை முழுதாக விலக்குவது கடினம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மகள் அடுத்து அனுப்பப்போகும் காணொளி புற்றுநோயைப் பற்றியதாக இருக்கும். 2023 ஜூலையில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அஸ்பார்ட்டேமை '2பி' என்ற பட்டியலில் சேர்த்தது, அதாவது 'ஒருவேளை இருக்கலாம், ஆதாரம் குறைவு'. அதே நாளில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்ற பழைய அளவை இன்னொரு நிபுணர் குழு மாற்றாமல் வைத்தது. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட ஒன்பதிலிருந்து பதினாலு டின் டயட் பானம் குடிக்க வேண்டும். உங்கள் ஒரு டின்னுக்கு இந்தப் பயம் வேண்டாம். பிறவியிலேயே ஃபினைல்கீட்டோனூரியா என்ற அரிய மரபுநோய் உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்ட்டேமைத் தொடக் கூடாது.

நம் ஊரில் 2022 டிசம்பர் 30இல் அடைத்து விற்கும் பானங்களுக்கு, 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீடு வந்தது. உங்கள் ஸீரோ கோலா டின்னில் சீனி பூஜ்யம், ஆனாலும் அது 'ஏ' இல்லை, 'பி'. காரணம், இனிப்பூட்டி சேர்த்த எதற்கும் 'ஏ' கிடையாது என்பது விதி. விஷம் என்பதால் வைத்த விதி இல்லை இது. நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த இனிப்புக்குப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனக்கு இந்த விதி பிடிக்கும். பன்னிரண்டு வருடமாக எதிரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதை ஓர் எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

என் அம்மா கைப்பையில் அந்தச் சின்ன டப்பாவை வைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போவார். பந்தியில் பாயசம் வந்ததும் டப்பாவை எடுத்து, சீனி போட்ட அந்தப் பாயசத்திலேயே இரண்டு மாத்திரையைத் தட்டுவார். ஏம்மா என்றால், "இனிப்பு பத்தலைடி" என்பார். அவர் நாக்கு அப்படி ஏறிப்போயிருந்தது. பாயசத்தின் இனிப்பே அவருக்குச் சப்பென்று இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மாத்திரை போடுகிறவருக்குக் கொய்யாப்பழம் பழமாகவே தெரியாது.

இனி என்ன செய்யலாம். எட்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை.

முதல் இரண்டு வாரம் மாத்திரையைக் குறைக்க வேண்டாம், இப்போது போடுவது போலவே போடுங்கள். பிஸ்கட்டை மட்டும் தேநீரிலிருந்து பிரியுங்கள். தேநீர் தனியாக, வயிற்றுக்கு வேண்டியது தனியாக. நாலு மணிப் பசிக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலோ அவித்த முட்டையோ, ஏதாவது ஒன்று. ராத்திரி நாடகத்துக்கு ஒன்றும் வேண்டாம். அந்த நேரத்தில் வருவது பசி இல்லை, விளம்பர இடைவேளை. அடுத்த இரண்டு வாரம் இரண்டு மாத்திரை ஒன்றாகட்டும். பத்து மணிக்கு 'தே சி கோசோங்'. கடை அங்கிள் ஒரு மாதிரி பார்ப்பார், மூன்றாம் நாள் அவரே எடுத்து வைத்துவிடுவார். அப்புறம் அரை மாத்திரை. வீட்டில் இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் இனிப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. கடைசி இரண்டு வாரம் இஞ்சித் தேநீர் இரண்டையாவது மாத்திரை இல்லாமல் குடித்துப் பாருங்கள். எல்லாத் தேநீரும் வெறுந்தேநீராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஸீரோ கோலாவை வார நாளில் தண்ணீராக்குங்கள். சனிக்கிழமை ஒன்று குடித்துக்கொள்ளுங்கள், ஆனால் பரோட்டாவோடு வேண்டாம். பரோட்டா மூன்று என்பது இரண்டாகட்டும், அதில் ஒன்று முட்டைப் பரோட்டா, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. நிறுத்தச் சொன்னால் நீங்கள் எனக்குத் தெரியாமல் சாப்பிடுவீர்கள், அதைவிட இது மேல்.

எவ்வளவு குறைய வேண்டும்? உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 31க்குச் சற்று மேல். ஆசியர்களான நமக்கு 23க்கு மேல் போனாலே கவனம், 27.5க்கு மேல் அதிக ஆபத்து. அதைப் பார்த்து மிரள வேண்டாம். உங்களைப் போலவே நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வு 2002இல் வந்தது. உடல் எடையில் 7 விழுக்காடு இறக்குவது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. உங்கள் கணக்கில் 7 விழுக்காடு என்பது ஐந்தரை கிலோ.

இப்போது உங்கள் கணவருக்கு. உலகச் சுகாதார அமைப்பின் அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அவர் சீனிக்குப் பதில் மாத்திரை போடுவது இப்போதைக்கு இருக்கட்டும். சீனிக்குத் திரும்பும் யோசனையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அவர் நீரிழிவுக்கு எடுக்கும் மாத்திரையின் பெயர் என்ன? கிளிக்லசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகள் சில சமயம் சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடும். ஒரு முறை என் அறைக்கு வெளியே காத்திருந்த ஒருவருக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வந்தவர், பழக்கத்தில் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டார். அவர் மனைவி பதறிப்போய்ப் பையிலிருந்து ஒரு டின்னைத் திறந்து வாயில் வைத்தார். ஸீரோ பானம். அந்த நேரத்தில் அது தண்ணீருக்குச் சமம். நான் ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கலந்து கொடுத்தேன். நாலு தேக்கரண்டிச் சீனி, ஏறக்குறைய 15 கிராம் வரும். பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். சீனியை வீட்டைவிட்டே விரட்டியிருந்தீர்கள் என்றால், ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்து, அவர் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அவர் மாத்திரை அந்த வகையா என்று மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம் கழித்து இன்னொரு மூன்று நாள் குறிப்பை அனுப்புங்கள். இந்த முறை ஓரத்தில் 'சீனி இல்லை' என்று எழுத வேண்டாம். தேநீருக்குப் பக்கத்தில் தட்டில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். சனிக்கிழமையையும் சேர்த்துத்தான்.